கொத்தமல்லி முளைக்கவில்லை, கறிவேப்பிலை மஞ்சளாகிறது: பால்கனித் தோட்டத்தில் எந்த அறிகுறிக்கு என்ன வைத்தியம்

சென்னையில் இரண்டாவது மாடி, மேற்கு பார்த்த பால்கனி, உப்புக் கரிக்கும் போர் தண்ணீர். என் தோட்டத்தின் ஜாதகம் இவ்வளவுதான். ஒன்பது தொட்டி. கொத்தமல்லி, புதினா, வெந்தயம், கற்பூரவல்லி, துளசி, ஒரு கறிவேப்பிலை. ஆறு வருடத்தில் இவை ஒவ்வொன்றையும் குறைந்தது ஒரு முறையாவது சாகடித்திருக்கிறேன். கறிவேப்பிலையை இரண்டு முறை. செத்த செடிகளைப் பிடுங்கி வேரைப் பார்த்ததில் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் செடியின் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் மூன்று விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். வாடிய செடியைக் கண்டால் கை தானாகத் தண்ணீர் மொள்ளப் போகும், மஞ்சள் இலையைக் கண்டால் உரப் பையைத் தேடும். என் தொட்டிகளில் பாதி அப்படிப் போனவைதான்.

ஒன்று, ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். மேல்மண் நம்மை ஏமாற்றும். தேங்காய் நார்க்கழிவு கலந்த மண் மேலே வெளிறிக் காய்ந்திருக்கும், உள்ளே பிழிந்தால் சொட்டும். விரலில் ஈரம் ஒட்டினால் இன்று தண்ணீர் கிடையாது.

இரண்டு, தொட்டியைத் தூக்கி அடியில் பாருங்கள். ஓட்டை இருக்கிறதா, வேரோ மண்ணோ அடைத்திருக்கிறதா? கடையில் வாங்கும் பிளாஸ்டிக் தொட்டி சிலவற்றில் ஓட்டைக்கு அடையாளம் மட்டும் போட்டிருப்பார்கள், குத்தித் திறப்பது நம் வேலை. இது தெரியாமல் என் முதல் புதினா இரண்டு மாதம் குளத்துக்குள் நின்றது.

மூன்று, வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணுங்கள். கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் ஐந்தாறு மணி நேரம் வேண்டும். கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் மூன்று நான்கு போதும். சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். மார்கழியில் வெயில் கொட்டும் தெற்கு பால்கனி ஆனி, ஆடியில் நிழலாகிவிடும். குளிர்காலம் முழுக்க வெயிலே பார்க்காத வடக்கு பால்கனிக்கு அப்போதுதான் வெயில் வரும். "போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தது" என்கிற செடிகளில் பலவற்றுக்கு நோயே கிடையாது, சூரியன் இடம் மாறியிருக்கிறது. தொட்டியையும் மாற்றி வையுங்கள்.

கொத்தமல்லி விதைத்துப் பத்து நாள் ஆகிறது, ஒன்றும் காணோம்

பத்து நாள் என்றால் இன்னும் பொறுக்கலாம். வெந்தயம் மூன்றாம் நாள் எட்டிப் பார்க்கும், கொத்தமல்லி ஏழு முதல் பதினைந்து நாள் வரை எடுத்துக்கொள்ளும். பதினைந்தும் தாண்டிவிட்டால் மண்ணைக் கிளறி ஒரு விதையைத் தேடி எடுங்கள். அது கிடைக்கும் நிலையே பதில் சொல்லிவிடும்.

முழுசாக, உருண்டையாக, போட்டபடியே கிடக்கிறதா? உடைக்காமல் போட்டிருக்கிறீர்கள். நாம் தனியா என்று சொல்லும் அந்த உருண்டை உண்மையில் ஒரு காய். அதற்குள் இரண்டு விதை முதுகு வெளியே, வயிறு உள்ளே என்று ஒட்டியிருக்கும். என் மாமியார் முதல் முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "முழுசா போட்டா எப்படிம்மா வரும்? ரெண்டா ஒடச்சுப் போடு." சப்பாத்திக் கட்டையைத் தரையில் கிடந்த தனியா மேல் வைத்து, ஒரு கையால், எடையே போடாமல் முன்னும் பின்னும் உருட்டினார். "டப் டப்" என்று சின்னச் சத்தம் கேட்டது. அரை அரையாகப் பிரிந்தவை தோணி மாதிரி கவிழ்ந்து கிடந்தன. சில நொறுங்கிப் பொடியாகவும் போயின. பொடியானது ரசத்துக்கு. பிரிந்ததை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடித்து, ஈரத் துணியில் ஒரு நாள் கட்டி வைத்து விதைத்தோம். எட்டாம் நாள் முளைப்பு தெரிந்தது.

விதை கறுத்து, நசுக்கினால் கூழாக இருந்தால் தண்ணீர் அதிகம். அல்லது விதையே பழையது. மளிகைக் கடைத் தனியாவில் முளைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. எப்போது அறுத்தது, எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பிடி வாங்கி, பத்து விதையை மட்டும் ஈரத் துணியில் கட்டிச் சோதியுங்கள். ஐந்துக்குக் குறைவாக முளைத்தால் அந்தப் பொட்டலம் சமையலுக்குத்தான். விதைக் கடையில் கீரைக்கென்று விற்கும் மல்லி விதை பத்து இருபது ரூபாய் கூடினாலும் எனக்கு அது ஏமாற்றியதில்லை.

விதையே கிடைக்கவில்லையா? எறும்பு அல்லது புறா. தொட்டியின் விளிம்பில் கோடு போட்டது போல வரிசை போகிறதா பாருங்கள். கீரை விதை தூவும்போது கிராமத்தில் ஒரு பிடி நொய்யோ ரவையோ ஓரமாகத் தூவிவிடுவார்கள். எறும்பு அதை இழுத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் விதை முளைத்துவிடும். புறாவுக்கு இந்தச் சமரசம் செல்லாது. முளை இரண்டு அங்குலம் வரும்வரை மேலே வலை கட்டுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் மாதத்தைப் பாருங்கள். மண் 30 டிகிரிக்கு மேல் சுட்டால் கொத்தமல்லி முளைக்கத் தயங்கும். அக்னி நட்சத்திரத்தில் மாடியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. அந்த மாதங்களில் தொட்டியை நிழலுக்குள் இழுத்து, முளைக்கும்வரை மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் வெளுத்து நீண்டுவிடும்.

முளைத்தது, ஆனால் நூல் மாதிரி நீண்டு சாய்கிறது

தண்டின் அடியைக் கிட்டத்தில் பாருங்கள். இரண்டு வகை உண்டு, வைத்தியம் நேர் எதிர்.

தண்டு முழுக்க வெளிர் பச்சையாக, வழுவழுப்பாக இருந்து, ஒரே பக்கமாகச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. ஜன்னல் பக்கம் நகர்த்தி, தண்டைச் சுற்றி அரை அங்குலம் மண் அணையுங்கள். பிழைத்துக்கொள்ளும்.

மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு கறுத்து, கிள்ளியது போல ஒடுங்கி, ஒரு மூலையில் தொடங்கி வட்டமாகப் பரவினால் அது நாற்றழுகல். பூஞ்சை போன்ற கிருமிகளின் வேலை. நெருக்கமாகத் தூவி, மாலையில் நிறையத் தண்ணீர் ஊற்றி, காற்றோட்டம் இல்லாமல் வைத்தால் ஒரே ராத்திரியில் பாதித் தொட்டி படுத்துவிடும். விழுந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எறியுங்கள். மீதிக்கு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். அடுத்த முறை விதைக்கும்போது மண்ணில் டிரைக்கோடெர்மா விரிடி என்கிற, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையைக் கலந்துவிடுங்கள், விதைக் கடையிலேயே பொடியாகக் கிடைக்கும். நோய் வந்த பிறகு அதைத் தூவுவதால் பெரிய பலன் இல்லை.

கொத்தமல்லி இலை திடீரென்று சோம்புச் செடி இலை போல மெலிந்துவிட்டது

பூக்கப் போகிறது. வெயில் ஏறினாலோ, தண்ணீர் விட்டு விட்டு ஊற்றினாலோ, வேரை அசைத்து இடம் மாற்றி நட்டாலோ செடி பயந்துபோய் விதைக்கு அவசரப்படும். பூந்தண்டைக் கிள்ளினால் திரும்பி வரும் என்று சொல்வார்கள். நான் மூன்று முறை கிள்ளிப் பார்த்தேன், வந்ததெல்லாம் கசப்பு இலை. விட்டுவிடுங்கள். பூவுக்குத் தேனீ வரும், பிறகு பச்சை மல்லிக்காய் பிடிக்கும். அதை நசுக்கி ரசத்தில் போட்டால் இலையும் தனியாவும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. காய்ந்ததும் உங்கள் சொந்த விதை.

அடுத்த முறைக்கு: 35 முதல் 45 நாளில் அறுத்துவிடுங்கள், கண்ணுக்கு அழகாக இருக்கிறதே என்று வைத்திருக்க வேண்டாம். ஒரே தொட்டியை நம்பாமல் பதினைந்து நாளைக்கு ஒரு தொட்டி என்று விதைத்தால் எப்போதும் ஒன்று அறுவடைக்கு நிற்கும். ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்று பிடுங்கி நடுவது வேண்டாம். ஆறேழு அங்குல ஆழமுள்ள தொட்டியில் நேராக விதையுங்கள்.

புதினாத் தண்டு தண்ணீரில் வைத்தால் கறுக்கிறது

சந்தைக் கட்டு பல நேரம் கசங்கி, வெந்துபோய் வருகிறது. கட்டில் தடித்த, நிமிர்ந்த நாலைந்து தண்டை மட்டும் பொறுக்குங்கள். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, நுனியில் நான்கு இலை தவிர மீதியை உருவிவிடுங்கள். தண்ணீருக்குள் ஓர் இலைகூட மூழ்கக் கூடாது. அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். தண்ணீரைத் தினம் மாற்றினால் ஒரு வாரம், பத்து நாளில் கணுவில் வெள்ளை வேர் வரும். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் நட்டுவிடுங்கள், பாட்டிலில் அழகாக இருக்கிறது என்று ஒரு மாதம் விட்டால் மண்ணில் பிடிக்கத் தயங்கும்.

புதினா இலை சிறுத்து, கொடி மட்டும் ஓடுகிறது

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் மண்ணே இருக்காது, வேர்ப் பந்து மட்டும். புதினா ஓடுதண்டால் பரவுவது, ஆழத்தை விட அகலம்தான் அதற்குத் தேவை. பழைய பிளாஸ்டிக் டப் போதும். வருடத்துக்கு ஒரு முறை, ஆடி முடிந்து வெயில் தணிந்ததும், வேர்ப் பந்தைக் கத்தியால் நான்காக வெட்டி, ஒரு துண்டைப் புது மண்ணில் வையுங்கள். மற்ற மூன்றும் பக்கத்து வீடுகளுக்கு.

இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் அது துரு நோய். செடியை மண் மட்டத்துக்கு வெட்டி, வெட்டியதைக் குப்பையில் போட்டு (உரக் குழியில் வேண்டாம்), புதுத் துளிரை இலை நனையாமல் வளருங்கள். இலை மேலே ஊசி குத்தியது போல வெளிர் புள்ளி நிறைந்திருந்தால் வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டிப் பாருங்கள். பொடிப்பொடியாக நகர்ந்தால் சிலந்திப்பேன், கோடை வியாதி. குழாயைப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தை நாலு நாள் தொடர்ந்து கழுவினாலே பெரும்பாலும் அடங்கும்.

கறிவேப்பிலை மஞ்சளாகிறது

எனக்குக் கேட்காமலே வந்து சேரும் கேள்வி இது. எந்த இலை என்று முதலில் சொல்லுங்கள்.

அடியிலுள்ள முற்றிய இலை முழுசாக வெளிறி, நுனித் துளிர் பச்சையாக இருந்தால் தழைச்சத்து குறைவு. செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கிறது. இரண்டு பிடி மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், மாதம் ஒரு முறை. ஊறவைத்த கடலைப் புண்ணாக்கை ஒன்றுக்குப் பத்து என்று தண்ணீர் கலந்து ஊற்றினால் இன்னும் வேகம், நாற்றத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நுனித் துளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சை வலை போலத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் கோளாறு. இரும்பு ஓர் இலையில் தங்கிவிட்டால் அடுத்ததற்கு எளிதில் நகராது, அதனால் குறை புது இலையில் தெரிகிறது. மண்ணில் பெரும்பாலும் இரும்பு இருக்கும். ஆனால் போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கி, வேர் அதை உறிஞ்ச முடியாமல் பூட்டிவிடுகிறது. என் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நான் பூஞ்சை என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன். நகத்தால் சுரண்டினால் உப்பு.

இங்கேதான் ஆணி புதைக்கும் வைத்தியம் வரும். துருப்பிடித்த ஆணியைப் புதைத்தாலும் கார மண்ணில் அந்த இரும்பும் அதே போலப் பூட்டிக்கொள்ளும். நான் செய்தது: ஐப்பசி மழைக்குத் தொட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், நான்கு நாள் நனையவிட்டு உப்பைக் கழுவினேன். மற்ற மாதங்களில் ஏ.சி. வெளியே சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறேன். அதில் உப்பு கிடையாது. ஆர்.ஓ. எந்திரம் கழித்துவிடும் தண்ணீர் இதற்கு நேர் எதிர், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கும். அதை வீணாக்க வேண்டாமே என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். அவசரமாகத் துளிரைப் பச்சையாக்க வேண்டும் என்றால் அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட் என்கிற இரும்பு உப்பு) லிட்டருக்கு 5 கிராம், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, மாலையில் இலையில் தெளிக்கலாம். தெளித்தபின் ஒரு வாரம் பறிக்காமல் விட்டு, கழுவிச் சமையுங்கள்.

புளித்த மோர்? ஒன்றுக்குப் பத்து கலந்து ஊற்றினால் கெடுதல் இல்லை. என் செடி கருகருவென்று ஆனது மோர் ஊற்றிய மாதம்தான். ஆனால் அதே மாதம்தான் மழையிலும் வைத்தேன், பெருமை யாருக்கு என்று என்னால் சொல்ல முடியாது. வீட்டில் மோருக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

கறிவேப்பிலை இலை ஓரமெல்லாம் கடிபட்டிருக்கிறது, பூச்சி தெரியவில்லை

தெரிகிறது, ஆனால் காக்கை எச்சம் என்று நினைத்துக் கடந்துபோயிருப்பீர்கள். இலை மேல் பழுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருக்கும் அதுதான் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் குட்டிப் புழு. வளர்ந்தால் இலைப் பச்சைக்கு மாறிவிடும், அப்போது இன்னும் கண்ணில் படாது. குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டி ஒரு நெடி விடும். முதல் முறை நான் குச்சியைக் கீழே போட்டுவிட்டேன்.

மருந்தடிக்க வேண்டாம், சாப்பிடுகிற இலை. இரண்டு அடிச் செடியை இரண்டு மூன்று புழு நாலு நாளில் மொட்டையாக்கும், அதனால் தினமும் காலையில் துளிரைத் திருப்பிப் பாருங்கள். கடுகை விடச் சின்ன, வெளிர் மஞ்சள் முட்டை ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கும், விரலால் வழித்துவிடலாம். கொல்ல மனமில்லை என்றால் பக்கத்தில் நாரத்தையோ வில்வமோ பெரிய மரமாக இருந்தால் அதில் கொண்டுபோய் விடுங்கள், அங்கேயும் சாப்பிடும்.

இலையில் கரி பூசியது போல இருக்கிறது

விரலால் தேய்த்தால் வந்துவிடுகிறதா? அது கரும்பூஞ்சை. இலையை அது தின்பதில்லை, மேலே உள்ள பூச்சி விடும் தேன் போன்ற பிசுக்கில் வளர்கிறது. தண்டைத் தடவிப் பார்த்தால் பஞ்சு போல மாவுப்பூச்சியோ, பொருக்கு போலச் செதில் பூச்சியோ இருக்கும். எறும்பு ஏறி இறங்கினால் சந்தேகமே வேண்டாம், அந்தப் பிசுக்குக்காக எறும்பு அவற்றுக்குக் காவல் இருக்கும்.

பழைய டூத் பிரஷால் தேய்த்து இறக்குங்கள். பிறகு வேப்பெண்ணெய் 5 மில்லி, அரை ஸ்பூன் திரவ சோப்பு. இரண்டையும் முதலில் அடித்துக் கலந்து, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீர். சாயங்காலம் தெளியுங்கள், வாரம் ஒன்றாக மூன்று முறை. வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும். ஒட்டியிருக்கும் கரிக்கு மைதாக் கஞ்சி, லிட்டருக்கு 50 கிராம், ஆறவைத்து வடிகட்டித் தெளித்தால், வெயிலில் காய்ந்து அப்பளம் போல உரியும்போது கரியும் சேர்ந்து வந்துவிடும்.

கறிவேப்பிலை துளிரே விடவில்லை

மார்கழி, தை என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். குளிரில் அது நின்றுவிடும். அப்போது உரம் வைத்தால் வேருக்குத்தான் சுமை. மாசியில் நுனியை ஒரு சாண் வெட்டிவிட்டால் பக்கக் கிளை பிரியும். இலையை உருவாமல் ஈர்க்கோடு ஒடித்துப் பறியுங்கள். சின்னச் செடியில் பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள். பழம் பிடித்த மரத்திலிருந்து விதை எடுப்பதாக இருந்தால் பழுத்த அன்றே சதையைப் பிதுக்கி நட வேண்டும், சில வாரத்தில் முளைக்கும் சக்தி போய்விடும். டப்பாவில் போட்டு விற்கும் காய்ந்த கறிவேப்பிலை விதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தண்ணீர் ஊற்றியதும் அடியில் ஓடிவிடுகிறது, செடி வாடுகிறது

நார்க்கழிவு முழுக்கக் காய்ந்து சுருங்கி, தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறது. தண்ணீர் அந்தச் சந்தில் இறங்கிப் போகிறது. தொட்டியோடு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். குமிழி நின்றதும் எடுத்து வடியவிடுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் வாடினால் கதை வேறு. வேர் அழுகியிருக்கும். முகர்ந்து பாருங்கள், சாக்கடை வாசனை வரும். கற்பூரவல்லிக்கு இது அடிக்கடி நடக்கும், தடித்த இலை என்பதால் அதற்குத் தண்ணீர் கொஞ்சமே வேண்டும். அடித்தண்டு கொழகொழத்துவிட்டால் காப்பாற்ற முயலாமல், மேலே உறுதியாக உள்ள கிளையை ஒடித்து, ஒரு நாள் நிழலில் காயவைத்துப் புது மண்ணில் குத்துங்கள். ஒடித்த இடத்தில் இரண்டாவது செடி என்கிற மாதிரி அவ்வளவு சுலபமாகப் பிடிக்கும்.

மதியம் மட்டும் வாடி, சாயங்காலம் நிமிர்ந்தால் அது வெயிலுக்குத் தலை குனிவது. விட்டுவிடுங்கள்.

தொட்டியைத் தொட்டால் சின்னக் கறுப்பு ஈ கிளம்புகிறது

டீத்தூள், அரிசி கழுவிய தண்ணீர், வெங்காயத் தோல் எல்லாம் நேராக மண்ணில் போகிறதா? மக்காத குப்பையும் ஓயாத ஈரமும்தான் அதற்கு வீடு. ஒரு வாரம் மேல்மண்ணைக் காயவிட்டு, ஒரு அங்குலம் மணல் பரப்புங்கள். சமையலறைக் கழிவைத் தனி டப்பாவில் மக்கவைத்து, மண் வாசனை வந்த பிறகே போடுங்கள். டீத்தூளில் சர்க்கரை இருந்தால் கழுவிவிட்டுத்தான். இல்லையென்றால் ஈயோடு எறும்பும் குடிவரும்.

எதைச் செய்தும் தேறவில்லை

மூன்று வாரம் பார்த்தும் புதுத் துளிர் வராத கொத்தமல்லி, வெந்தயத்தைப் பிடுங்கிவிடுங்கள். இருபது ரூபாய் விதைக்காக ஒரு தொட்டியை அடைத்துவைக்க வேண்டாம். கறிவேப்பிலைக்கு மட்டும் அவசரம் கூடாது. தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. என் இரண்டாவது செடியைக் கீறிப் பார்க்காமல் பிடுங்கினேன். வேர் வெள்ளையாக இருந்தது.

செடி போனாலும் மண்ணைக் கொட்டிவிட வேண்டாம். வேரைப் பொறுக்கி, மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்துச் சித்திரை வெயிலில் பத்து நாள் காயவைத்து, மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்தால் மறுபடி ஓடும். அழுகல் வந்த தொட்டியில் உடனே கொத்தமல்லி போடாமல் ஒரு சுற்று வெந்தயக்கீரை போடுவது என் வழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் தூவினேன், நேற்று முளை தெரிந்தது. எறும்பு இன்னும் ரவையோடுதான் இருக்கிறது.